சித்தப்பாவின் கணக்கும் ரீஸ்டோர் பாயின்ட்டும்

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக் கணினி படுத்தாலும் போன் எனக்குத்தான் வரும். நான் படித்தது பி.காம். பெரியப்பா வீட்டில் ஒருமுறை கழன்று கிடந்த மானிட்டர் ஒயரைச் செருகிவிட்ட ஒரே காரணத்துக்காக "அவனுக்கு எல்லாம் தெரியும்" என்று பேராகிவிட்டது. அந்தப் பேரைக் காப்பாற்றப் போய் 2011-ல் மன்னார்குடிச் சித்தப்பாவிடம் தெரிந்த மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தேன். அது தப்பு என்று எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

சித்தப்பா அவர் தெருப் பிள்ளையார் கோயில் கமிட்டிக்குப் பொருளாளர். கும்பாபிஷேகத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று முந்நூற்றுச் சொச்சம் பேரை எக்ஸெல்லில் ஏற்றி, அந்தக் கோப்பை டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தார். அடுத்து மண்டலாபிஷேக வசூல் தொடங்கியது. புதிதாக யார் கட்டம் போடுவது என்று பழைய கோப்பையே திறந்து, பெயர்களையும் தொகைகளையும் அழித்துவிட்டு, புது வசூலை எழுதி, சேவ் கொடுத்துவிட்டார். 'சேவ் ஆஸ்' என்று ஒன்று இருப்பது அவருக்கு மறுநாள்தான் தெரியும். ரீசைக்கிள் பின்னில் தேடியும் பயனில்லை, எந்தக் கோப்பும் நீக்கப்படவே இல்லையே. அதே பெயர், அதே கோப்பு, உள்ளே இருந்த ஆட்கள்தான் மாறிவிட்டார்கள்.

"டேய், கம்ப்யூட்டரைப் பழைய தேதிக்குக் கொண்டுபோக ஒரு வழி இருக்காமே? உங்க அத்தை வீட்டுல நீ செஞ்சியாம், சித்தி சொன்னா" என்றார் போனில். செய்தது உண்மைதான். அத்தை வீட்டில் ஸ்பீக்கர் திடீரென்று ஊமையானபோது சிஸ்டம் ரீஸ்டோர் கொடுத்து ஒரு வாரம் பின்னால் போனேன், பாட்டு வந்தது. அந்தத் தெம்பில் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

சித்தப்பாவுடையது விண்டோஸ் 7. சிஸ்டம் ரீஸ்டோரைத் திறந்ததும் தேதிகள் வரிசையாக வந்தன. பத்து நாள் முந்தைய ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கணினி அணைந்து, எழுந்து, கோப்புகளைத் திருப்புகிறேன், ரிஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவேடு) திருப்புகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. சித்தி கொண்டுவந்த காபி ஆறிப்போனது. கடைசியில் வெற்றி என்று அறிவித்தது. எக்ஸெல்லைத் திறந்தால் உள்ளே மண்டலாபிஷேகக் கணக்குதான் இருந்தது. கூடவே இன்னொன்று: முந்தின வாரம் சித்தப்பா போட்டிருந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருளைக் காணவில்லை. அதன் கோப்புறை இருந்தது, அதற்குள் உதவிக் குறிப்புகள்கூட இருந்தன, ஓட வேண்டிய நிரல் மட்டும் இல்லை. "கணக்கும் வரல, இருந்த தமிழும் போச்சா?" என்றார் சித்தப்பா. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் சிரித்துவிட்டார்.

"இது சிஸ்டத்தை மட்டும்தான் திருப்பும் சித்தப்பா, நம்ம ஃபைல் எதுவும் இதுல இருக்காது" என்று தெரிந்த ஆள் மாதிரி விளக்கிவிட்டுத் திரும்பினேன். அந்த வாக்கியத்தில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதி தப்பு.

முதலில் சரியான பாதி. சிஸ்டம் ரீஸ்டோர் 2000-ல் விண்டோஸ் மில்லினியத்தோடு வந்தது, பரவலாகத் தெரிந்தது 2001-ல் எக்ஸ்பி வந்த பிறகு. வீட்டுக் கணினியில் அடிக்கடி நடக்கிற கோளாறு ஒன்றுக்கான மருந்து அது. யாரோ ஒரு டிரைவரை, அதாவது பிரிண்டர், ஸ்பீக்கர் மாதிரி சாதனங்களை விண்டோஸ் இயக்க உதவும் நிரலை, போடுகிறார்கள், அல்லது எங்கிருந்தோ ஒரு நிரலை இறக்கி நிறுவுகிறார்கள், மறுநாள் கணினி தள்ளாடுகிறது. அப்போது இயந்திரம் மட்டும் நேற்றைய நிலைக்குப் போக வேண்டும், அதில் வேலை செய்தவரின் வேலை நேற்றைக்குப் போகக் கூடாது. சவுண்ட் டிரைவர் கெட்டுப்போனதற்காக ஒரு வாரம் பின்னால் போகும்போது, அந்த வாரம் எழுதிய கடிதங்களும் சேர்ந்து போய்விட்டால் யார் அந்தப் பொத்தானை அழுத்துவார்கள்? அதனால் ரிஜிஸ்ட்ரி, டிரைவர்கள், விண்டோஸின் சொந்தக் கோப்புகள், நிறுவிய நிரல்களின் ஓடும் பாகங்கள் ஆகியவற்றை மட்டும் திருப்பும். கடிதம், படம், எக்ஸெல் பக்கம் கை வைக்காது.

எதைத் திருப்புவது, எதை விடுவது என்று அது பெரும்பாலும் கோப்பின் வாலை, அதாவது பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை, பார்த்து முடிவு செய்கிறது. டாட் இஎக்ஸ்இ, டாட் டிஎல்எல் மாதிரி வால்கள் அதன் கணக்கில் சேரும், எக்ஸெல்லின் வால் சேராது. சித்தப்பாவின் தட்டச்சு மென்பொருள் பாதி போய்ப் பாதி நின்றதன் காரணம் இதுதான். நீங்கள் இறக்கி டெஸ்க்டாப்பில் போட்டுவைத்திருக்கும் நிறுவல் கோப்புக்கும் இதே கதி வரலாம், அது உங்கள் சொந்தக் கோப்பு என்று நீங்கள் நினைத்தாலும். விண்டோஸ் 7-லிருந்து, ரீஸ்டோர் கொடுக்கும் முன் எந்தெந்த நிரல்கள் பாதிக்கப்படும் என்று பட்டியல் காட்டும் ஒரு இணைப்பு அந்தத் திரையிலேயே இருக்கிறது. அன்றைக்கு நான் அதை அழுத்தவில்லை. கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கம் எனக்குக் கொஞ்சம் குறைவு.

இனி தப்பான பாதி. அதற்கு, இந்த ரீஸ்டோர் பாயின்ட் (திரையில் வரிசையாக வந்த தேதிகளில் ஒவ்வொன்றும் ஒரு பாயின்ட்) என்பது உண்மையில் என்ன என்று பார்க்க வேண்டும். தமிழில் மீட்புப் புள்ளி என்று எழுதுகிறார்கள், சரியான சொல்தான், ஆனால் போனில் அத்தையிடம் அப்படிச் சொன்னால் வட்டியோடு கட்டி மீட்க வேண்டிய விஷயம் என்று நினைத்துக்கொள்வார். நான் ரீஸ்டோர் பாயின்ட் என்றே எழுதுகிறேன்.

எக்ஸ்பியில் நடந்தது எளிது. சில குறிப்பிட்ட வால் கொண்ட கோப்புகளை ஒரு காவலாளி கண்காணித்துக்கொண்டே இருப்பார்; அவற்றில் ஒன்று மாறவோ நீங்கவோ போனால், அதற்கு முன் பழையதை ஒரு பிரதி எடுத்து 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற மறைவான கோப்புறைக்குள் போட்டுவிடுவார். ரிஜிஸ்ட்ரிக்குத் தனிப் பிரதி. கணக்குக் கோப்பு அவர் கண்ணிலேயே படாது. ஆக, சித்தப்பா எக்ஸ்பி வைத்திருந்தால் நான் சொன்னது முழுக்கவே சரியாக இருந்திருக்கும்.

எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் இந்த ஏற்பாட்டைத் தூக்கிவிட்டு, அடியில் வேறொன்றை வைத்தார்கள். ஷேடோ காப்பி என்று பெயர். இது கோப்புகளைப் பார்ப்பதில்லை, கோப்பின் பெயரே இதற்குத் தெரியாது. வட்டை 16 கேபி துண்டுகளாகப் பார்க்கிறது.

சித்தப்பாவின் கோயிலையே வைத்துச் சொல்கிறேன். கமிட்டியிடம் ஒரு பெரிய பேரேடு இருக்கிறது. தை ஒன்றாம் தேதி கணக்கு எப்படி இருந்ததோ அது பின்னால் வேண்டும் என்கிறார் தலைவர். பேரேடு முழுவதையும் ஜெராக்ஸ் எடுக்கலாம், செலவு. கணக்குப்பிள்ளை புத்திசாலி. தை ஒன்றாம் தேதி அவர் எதையும் நகல் எடுக்கவில்லை, "இன்றிலிருந்து" என்று ஒரு துணை நோட்டில் தேதி போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அதற்கப்புறம் பேரேட்டில் எந்தப் பக்கத்தையாவது முதல்முறை திருத்த வேண்டி வந்தால், திருத்துவதற்கு முன் பழைய பக்கத்தை அப்படியே துணை நோட்டில் எழுதிவைத்துவிட்டு அப்புறம் திருத்துகிறார். அதே பக்கத்தை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை திருத்தினால் எழுதிவைப்பதில்லை, தை ஒன்றின் நிலை ஏற்கெனவே நோட்டில் பத்திரமாக இருக்கிறதே. பின்னால் யாராவது தை ஒன்றாம் தேதிக் கணக்கைக் கேட்டால், துணை நோட்டில் உள்ள பக்கங்களை அதிலிருந்தும், மற்றவற்றைப் பேரேட்டிலிருந்தும் எடுத்துச் சேர்த்துப் படித்துக் காட்டிவிடுவார்.

ரீஸ்டோர் பாயின்ட் சில நொடிகளில் உருவாகிவிடுவது இதனால்தான், ஆரம்பத்தில் ஏறக்குறைய இடமே எடுத்துக்கொள்ளாததும் இதனால்தான். நாள் ஆக ஆக, வட்டில் எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவுக்குத் துணை நோட்டு தடிக்கிறது. நோட்டுக்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். விஸ்டாவில் வட்டின் 15 சதவீதம் வரை போகும், விண்டோஸ் 7-ல் அதைக் குறைத்தார்கள். அளவு நிறைந்தால் மிகப் பழைய பாயின்ட்டிலிருந்து ஒவ்வொன்றாக உதிரும். பெரிய விளையாட்டு ஒன்றை நிறுவிய மறுநாள் பழைய பாயின்ட்டுகள் காணாமல் போவதைப் பார்த்து யாரோ அழித்துவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு, நானும் நினைத்திருக்கிறேன்.

இப்போது யோசியுங்கள். கணக்குப்பிள்ளைக்கு எந்தப் பக்கம் விளக்கெண்ணெய்ச் செலவு, எந்தப் பக்கம் நன்கொடை என்ற வித்தியாசம் கிடையாது, எல்லாப் பக்கமும் அவருக்குப் பக்கம்தான். அப்படியானால் சித்தப்பா சேவ் அழுத்தியபோது அழிந்த முந்நூறு பேரும் துணை நோட்டில் இருந்திருக்க வேண்டுமே?

இருந்தார்கள். பத்து நாள் முந்தைய அந்த பாயின்ட்டுக்குள், நான் பார்த்துக்கொண்டிருந்த அதே வட்டில், முழு எக்ஸெல் கோப்பும் இருந்தது. சிஸ்டம் ரீஸ்டோர் என்ற கருவிதான் அதைத் தொடுவதில்லை என்று விரதம் இருக்கிறதே தவிர, அதன் அடியில் இருக்கும் ஷேடோ காப்பி எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. விண்டோஸ் 7-ல் அதை எடுப்பதற்கு ரீஸ்டோரே தேவையில்லை, மறுதொடக்கமும் தேவையில்லை. அந்த எக்ஸெல் மேல் ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டோர் ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்' என்ற வரியை அழுத்தினால் தேதிவாரியாகப் பழைய பிரதிகள் வரும், ஒன்றைத் திறந்து வேறு பெயரில் சேமித்துக்கொண்டால் வேலை முடிந்தது. சித்தி காபி கலக்கி முடிப்பதற்குள் முடிந்திருக்கும்.

இது எனக்குத் தெரிந்தபோது எட்டு மாதம் போய்விட்டது. வேறு ஏதோ கோப்புக்காக ரைட் கிளிக் செய்து, அந்த வரி கண்ணில் பட்டு, இது என்ன என்று அழுத்திப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மன்னார்குடிக்குப் போன் போட்டு அந்தத் தேதி பாயின்ட் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். உதிர்ந்து போயிருந்தது. சித்தப்பா அதற்குள் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை வைத்து மூன்று ராத்திரியில் மறுபடி அடித்து முடித்திருந்தார். நான் சொன்ன விளக்கத்தை அவர் கமிட்டியில் மூன்று பேருக்குச் சொல்லியும் இருந்தார்.

விண்டோஸ் 8-ல் அந்த ரைட் கிளிக் வசதியை எடுத்துவிட்டார்கள், 10-ல் திரும்ப வந்தது. ஆனால் அதற்கு அந்த டிரைவில் சிஸ்டம் ரீஸ்டோரின் பாதுகாப்பு போட்டிருக்க வேண்டும், வழக்கமாக அது சி டிரைவுக்கு மட்டும்தான். இதில் நம் ஊர் வேடிக்கை ஒன்று இருக்கிறது. கணினியைக் கூட்டிக் கொடுக்கிற கடைக்காரர்கள் எல்லாரும் "சி-ல எதையும் வைக்காதீங்க சார், டி-ல வைங்க" என்று ஒரு மந்திரம் ஓதுவார்கள். ஓஎஸ் போடும்போது சி துடைக்கப்படும், டி பிழைக்கும் என்பது அதன் பொருள், அந்த அளவில் நல்ல அறிவுரைதான். ஆனால் டி-யில் பத்திரமாக வைத்த கோப்புக்குப் பழைய பிரதி கிடையாது. சொன்ன பேச்சைக் கேட்காமல் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் குவித்து வைக்கிற சித்தப்பா மாதிரி ஆட்களின் கோப்புகள்தான் சி-யில் இருக்கும்.

துணை நோட்டு பேரேட்டுடன் ஒரே அலமாரியில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. வட்டு செத்தால் இரண்டும் சேர்ந்து சாகும். திருடனுக்கும் இது தெரியும்; 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வன்னாக்ரை என்ற நச்சு நிரல், கோப்புகளைப் பூட்டியதோடு நிற்காமல் விண்டோஸின் சொந்தக் கட்டளைகளையே ஏவி ஷேடோ காப்பிகளையும் அழித்தது. அந்த வகை நச்சு நிரல்கள் பலவும் இதையே செய்கின்றன. எக்ஸ்பி காலத்தில் நேர்மாறான தொல்லை: வைரஸ் கோப்பையும் காவலாளி பொறுப்பாகப் பிரதி எடுத்துப் பூட்டிய கோப்புறைக்குள் வைத்துவிடுவார், ஆன்டிவைரஸ் அங்கே ஒன்று இருக்கிறது என்று கத்தும், ஆனால் நீக்க முடியாது. சிஸ்டம் ரீஸ்டோரை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்பார்கள். அணைத்தால் எல்லா பாயின்ட்டும் போய்விடும்.

என் சொந்தக் கணினியில் நான் பட்டது வேறு. 2010 வாக்கில் பழைய ஸ்கேனர் ஒன்றுக்காக எக்ஸ்பியையும் விண்டோஸ் 7-ஐயும் ஒரே வட்டில் வைத்திருந்தேன். 7-ல் பாயின்ட் போட்டுவைப்பேன், இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. வைரஸ் என்று நினைத்தேன், வட்டு கெட்டுவிட்டது என்று நினைத்தேன், மின்சாரம் போய்ப் போய் வருவதால் என்றுகூட ஒரு கோட்பாடு வைத்திருந்தேன். காரணம் எக்ஸ்பி. அதற்கு விஸ்டா, 7 எழுதுகிற துணை நோட்டின் எழுத்து புரியாது. 7-ன் பகுதி தன் கண்ணுக்குத் தெரிந்தபடி ஒருமுறை எக்ஸ்பியில் கணினி எழுந்தால் போதும், நோட்டு கிழிந்துவிடும். ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு முறையும் நானே என் பாயின்ட்டுகளை அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எப்போது பாயின்ட் உருவாகும் என்பதும் பதிப்புக்குப் பதிப்பு மாறியது. எக்ஸ்பியில் நாளுக்கு ஒன்று. விண்டோஸ் 7-ல், ஏழு நாளாக வேறு எதுவும் இல்லையென்றால் தானாக ஒன்று. டிரைவரோ அப்டேட்டோ போடும்போதும் உருவாகும், ஆனால் விண்டோஸ் 8-லிருந்து கடைசி 24 மணி நேரத்துக்குள் ஒன்று இருந்தால், ஒரு மென்பொருள் கேட்டாலும் புதிதாகப் போடாது. 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் அதிகபட்சம் 60 நாள் வரை வைத்திருக்கும். புதுப் பதிப்புக்கு ஏறினால் பழைய பாயின்ட்டுகள் கூட வராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, விண்டோஸ் 10 வந்ததிலிருந்து நிறைய கணினிகளில் இது அணைத்த நிலையிலேயே வருகிறது. விண்டோஸ் தன் பங்குக்கு ரிஜிஸ்ட்ரியை 'ரெக்பேக்' என்ற கோப்புறையில் பிரதி எடுத்துவைக்கும் பழக்கம் ஒன்று இருந்தது, அதையும் 10-ன் 1803 பதிப்பில், 2018-ல், இடத்தை மிச்சம் பிடிக்க நிறுத்திவிட்டார்கள். கோப்புறை இருக்கும், கோப்புகள் இருக்கும், அளவு சுழியம். ஆகவே யார் வீட்டுக்குப் போனாலும் ஸ்டார்ட்டில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தட்டி, சி டிரைவுக்கு எதிரே ஆஃப் என்றிருந்தால் ஆன் செய்துவிட்டு வருகிறேன். போன தீபாவளிக்கு அக்கா வீட்டில் அதைச் செய்தேன், முறுக்கு தின்றுகொண்டே. அவளுக்குத் தெரியாது.

அக்கா வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். கேள்வித்தாள் அடிக்கப் பழைய பிரிண்டர் ஒன்றை வாங்கி, அதன் டிரைவரை எங்கோ தேடி இறக்கிப் போட்டிருக்கிறாள். இரண்டு நாள் ஒழுங்காக ஓடிய லேப்டாப் மூன்றாம் நாள் எழவில்லை. சுற்றிச் சுற்றி மறுபடி முதலிலிருந்து. வீடியோ கால் போட்டாள். எழாமல் இரண்டு மூன்று தடவை விழுந்தால் விண்டோஸ் தானே பழுது பார்க்கும் நீலத் திரையைக் காட்டும், அதில் ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், சிஸ்டம் ரீஸ்டோர் என்று உள்ளே போகச் சொன்னேன். அங்கே பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) சாவி கேட்டது. 48 இலக்கம்.

"டேய், இது என்னடா, இந்த நம்பரை நான் எங்கடா போய்த் தேடுவேன்?"

வட்டு பூட்டப்பட்டிருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். செல்போனில் அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போனால் சாவி இருந்தது, அதைப் பார்த்துப் பார்த்துக் கட்டம் கட்டமாக அடித்தாள், நடுவில் ஒருமுறை தப்பாகி மறுபடி முதலிலிருந்து. பட்டியலில் பிரிண்டர் டிரைவர் போட்ட அன்றைய தேதியில், அதற்குக் கொஞ்சம் முன்னால், ஒன்று இருந்தது. விண்டோஸுக்கு வெளியிலிருந்து இப்படிச் செய்யும் ரீஸ்டோரைத் திருப்ப முடியாது, உள்ளேயிருந்து செய்தால் முடியும், ஏனென்றால் அப்போது தொடங்கும் முன் அதுவே ஒரு பாயின்ட் போட்டுக்கொள்ளும். இதைச் சொன்னதும் அக்கா விரலை எடுத்துவிட்டாள்.

"நேத்து ராத்திரி பத்தாம் வகுப்புக்குக் கேள்வித்தாள் அடிச்சேன்டா. மூணு நாள் பின்னாடி போனா அது போயிடுமே?"

"போகாதுக்கா. டிரைவர் மட்டும்தான் போகும்."

"நிச்சயமா? சித்தப்பாகிட்டயும் இப்படித்தான் எதையோ சொன்னியாம்."

எங்கள் குடும்பத்தில் எதுவும் மறப்பதில்லை. அரை மணி நேரம் ஆயிற்று, லேப்டாப் எழுந்தது. கேள்வித்தாள் அவள் விட்ட இடத்திலேயே, கடைசியாகப் பாதியில் நிறுத்திய பத்தொன்பதாம் கேள்வி வரைக்கும் அப்படியே இருந்தது. சந்தோஷமாகப் பிரிண்ட் கொடுத்தாள். பிரிண்டர் அசையவில்லை, அதன் டிரைவர்தான் போய்விட்டதே. இருபதாம் கேள்வியை எழுதி முடித்து, பென்டிரைவில் போட்டுக்கொண்டு முக்கு ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பினாள், பக்கம் இரண்டு ரூபாய்.